முதலில் பள்ளம் வேண்டும்

ஒரு பள்ளத்தை மூட வேண்டுமானால் முதலில் பள்ளம் இருந்தாக வேண்டும். இந்த எளிய நிர்வாக உண்மை எங்கள் தெருக்காரர்களுக்குத் தெரியாமல் போனதால்தான் இத்தனையும் நடந்தது. ஆகவே நகர மன்றத்தின் மீது யாரும் கோபப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பள்ளம் எங்கள் தெருமுனையில், பெரிய சாலையிலிருந்து பஸ் உள்ளே திரும்புகிற இடத்தில் இருந்தது. பிறந்தபோது சோற்றுத்தட்டு அளவுதான். மழையும் லாரியும் ஊட்டி வளர்த்ததில் அண்டா அளவுக்கு வந்தது. ஒரு நாள் பஸ்ஸின் முன்சக்கரம் அதில் இறங்கி, ஏற மறுத்தது. உடனே பணிமனை ஓர் அறிவிப்பு ஒட்டியது: "மேற்படி பள்ளம் சீர்செய்யப்பட்டதென மன்றம் சான்றளிக்கும் வரை மேற்படி தெருவுக்குள் பேருந்து வாராது." மேற்படி தெருவின் மேற்படி மக்கள் பெரிய சாலை வரை நடக்கத் தொடங்கினோம்.

நடக்க முடியாதவர் ஒருவர் இருந்தார். கியர் அண்ணன். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் இருந்ததால், எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். இப்போது இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். அடுத்த முறையும் தவறினால் மூச்சு முட்டும். அதற்கடுத்ததைப் பற்றி டாக்டர் பேசவில்லை. அவர் மனைவி தையல்கார அக்கா, கொஞ்ச காலம் வாடகைக் காரில் கூட்டிப்போய்ப் பார்த்தார். தையல் மெஷினை விற்கிற நிலை வந்ததும் நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு மரக்கடைத் தள்ளுவண்டியில் மெத்தை போட்டு அண்ணனைப் படுக்கவைத்து, பெரிய சாலை வரை நாங்கள் தள்ளிப்போனோம். "கை காட்டாம திரும்புறீங்களேப்பா" என்று வழியெல்லாம் கண்டிப்பார். கால் பலகையை அழுத்திக்கொண்டே வரும்.

எங்கள் தெருவுக்கு ஒரு போராட்டக் குழு உண்டு, செயலாளர் நான். சாலைப் பணிகளை மேற்பார்வை செய்ய ஒரு குழு வேண்டும் என்று துண்டறிக்கை அடித்தோம், மறியல் செய்தோம், போலீஸ் லத்தி எந்த மரத்தில் செய்தது என்பதை முதுகால் தெரிந்துகொண்டோம். கோரிக்கை வென்றது. "சாலைப் பராமரிப்பு மற்றும் போக்குவரத்து மேம்பாட்டு மேற்பார்வைக் குழு" பிறந்தது. வெற்றி ஊர்வலம் பாதி வழி போன பிறகுதான், பள்ளத்தை மூடச் சொல்லி எங்கள் துண்டறிக்கையில் எங்கேயும் எழுதவில்லை என்று எங்கள் தெருக் கொத்தனார் கண்டுபிடித்தார். நல்ல நேரத்தில் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் எல்லா இயக்கத்திலும் ஒருவர் இருப்பார்.

மேற்பார்வைக் குழு முதல் கூட்டத்தில் தனக்கு என்ன நிறத்தில் மேலங்கி என்று முடிவு செய்தது. அடுத்த கூட்டத்தில் "சாலையோடு பேசுவோம்" என்ற முழக்கத்தை நிறைவேற்றியது. அதன் பிறகு, மேற்பார்வையைக் கற்றுக்கொள்ளப் பள்ளமே இல்லாத ஒரு நாட்டுக்குப் பயணம் போய், அங்கே பார்ப்பதற்குப் பள்ளம் கிடைக்காத வருத்தத்தோடு திரும்பி வந்தது.

இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் மூடியதில் பள்ளம் எது சாலை எது என்று தெரியாமல் தள்ளுவண்டியை உள்ளே இறக்கிவிட்டோம். அச்சு முறிந்தது. அண்ணன் சேற்றில் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்கை நான் பிடிச்சுட்டேன். வண்டிதான் கேக்கல" என்றார். அந்த முறை சிகிச்சை தவறியது. மறுநாள் அவர் காலில் செருப்பு நுழையவில்லை.

அதைப் பார்த்த கொத்தனார் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பூச்சுக் கரணையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். மரக்கடைக்காரர் ஜல்லி கொண்டுவந்தார், பெண்கள் தண்ணீர் எடுத்து வந்தார்கள், நான் உரையாற்றினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை. அதுதான் நாங்கள் செய்த குற்றம்.

பஸ் வரவில்லை. மன்றத்தின் சான்று இல்லாமல் நகராது என்றது பணிமனை. சான்று கேட்டு நானும் தையல்கார அக்காவும் மன்ற அலுவலகத்துக்குப் போனோம். பிரிவு அலுவலர் நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லாதது அவர் தவறல்ல.

"பள்ளம் எங்க இருக்கு?" என்றார்.

"மூடிட்டோம் சார்" என்றார் அக்கா.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "குழு வந்து பார்க்கணும்மா. பார்த்த பிறகு மூட உத்தரவு. மூடின பிறகு சான்று. நீங்க நடுவுல போய் மூடி வச்சா நான் என்ன பண்றது?"

"இப்ப வந்து பாருங்க. வழவழன்னு இருக்கு."

"வழவழன்னு இருக்கிறதைப் பார்க்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லையே." என் பக்கம் திரும்பினார். "தோழர், நீங்க விவரம் தெரிஞ்சவர். பள்ளமே இல்லாத இடத்துல பள்ளம் மூடியாச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டா அதுக்குப் பேரு என்ன? ஊழல். ஊழலை எதிர்த்துப் போன வருஷம் நோட்டீஸ் போட்டது நீங்கதானே?"

நான்தான் போட்டேன். நல்ல நோட்டீஸ். அதிலிருந்து இரண்டு வரியை அவர் மனப்பாடமாகச் சொன்னபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

"அப்ப என்னதான் சார் பண்ணணும்?" என்றார் அக்கா.

"முன்ன இருந்த மாதிரி பண்ணிடுங்க. நாங்க வந்து பார்க்கிறோம்."

தெருவே கூடித் தோண்டியது. தன் கையால் பூசியதைத் தன் கையால் உடைக்க முடியாது என்று கொத்தனார் கடப்பாரையைத் தொட மறுத்தார். ஓரமாக நின்று, தோண்டுகிறவர்களை மட்டும் திட்டினார். பழைய பள்ளத்தின் வடிவம் என்ன என்பதில் பெரிய தகராறு வந்தது. வடக்குப் பக்கம் சரிவாக இருந்தது என்று ஒரு கட்சி, செங்குத்து என்று இன்னொரு கட்சி. கடைசியில் சேற்றில் உட்கார்ந்த அனுபவம் உள்ளவர் என்ற முறையில் கியர் அண்ணனை அழைத்துக் கேட்டோம். அவர் சொன்னபடியே செய்தோம். முன்பு மழையும் லாரியும் ஏனோதானோ என்று செய்த வேலை. இப்போது மனிதன் பொறுப்போடு செய்ததால் பள்ளம் பார்க்கவே லட்சணமாக இருந்தது.

குழு வந்தது. எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மேலங்கி, தலையில் மஞ்சள் ஹெல்மெட். மேலே வானத்தைத் தவிர எதுவும் இல்லை. இருந்தாலும் எச்சரிக்கை நல்லது. குழுத் தலைவி பள்ளத்தின் விளிம்பில் குனிந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். சாலையோடு பேசுவோம் என்பதற்காக ஒரு நிமிடம் பேசவும் செய்தார். பிறகு, மக்கள் பங்கேற்புடன் பராமரிக்கப்படும் இப்படியொரு முன்மாதிரிப் பள்ளத்தை வெளிநாட்டில்கூடத் தாம் காணவில்லை என்றார். கை தட்டினோம்.

தையல்கார அக்கா மட்டும் கை தட்டவில்லை. "பஸ் எப்பம்மா வரும்?" என்று கேட்டார்.

அது போக்குவரத்து உபகுழுவுக்கு உரிய கேள்வி என்று தலைவி கனிவோடு விளக்கினார்.

அடுத்து நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பிரிவு அலுவலர் எங்கள் தெருவுக்குத் தானே நடந்து வந்தார். பஸ் இல்லாததால் அவரும் நடந்துதான் வர வேண்டியிருந்தது. அவர் முகம் சரியில்லை. மேற்பார்வைக் குழு ஊர் முழுக்கச் சுற்றியதாம். எங்கே போனாலும் புகார் இருக்கிறது, பள்ளம் இல்லை. காத்திருந்து அலுத்த சனங்கள் தெருவுக்குத் தெரு தாங்களே மூடிவிட்டார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் குழு கலைந்துபோகும் ஆபத்து வந்துவிட்டது.

"ஒழுங்கா தோண்டத் தெரிஞ்சவங்க உங்க தெருவுலதான் இருக்காங்க" என்றார். "மன்றமே வேலைக்கு எடுத்துக்கும். 'முன்நிலை மீட்புப் பணியாளர்'னு பேரு."

போராட்டக் குழு அவசரமாகக் கூடியது. நிபந்தனை இல்லாமல் பணிவது எங்கள் மரபல்ல. பஸ் வந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டோம். மன்றமும் இறங்கி வந்தது. ஒரே நாளில் எங்கள் பள்ளம் வாத்தியத்தோடு மூடப்பட்டது, சான்று கையெழுத்தானது, பஸ் உள்ளே வந்தது. நெற்றியில் "போக்குவரத்து மேம்பாடு" என்று எழுதியிருந்தது. எங்கள் கண்கள் கலங்கின.

ஏறும்போதுதான் கண்டக்டர் விவரம் சொன்னார். இந்தப் பஸ் மீட்புப் பணியாளருக்கு மட்டும். தோண்ட வேண்டிய தெருக்களுக்கு மட்டும். கையில் கடப்பாரை இல்லாதவருக்கு இடமில்லை.

தெருத் தெருவாகப் போனோம், தோண்டினோம். அங்கங்கே எங்களைத் திட்டினார்கள். "நாங்களும் இப்படித்தாங்க தெரியாம இருந்தோம்" என்று பொறுமையாக எடுத்துச் சொன்னோம். ஆனால் பஸ் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே இல்லை. அந்தச் சாலையின் முனையில் ஒரு காலத்தில் பெரிய பள்ளம் இருந்தது; ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஒருவரிடமும் சொல்லாமல், ஒரு மனுவும் கொடுக்காமல் அதை மூடிவிட்டார்கள். மனு இல்லாததால் பணிமனைக்கு விஷயம் தெரியவில்லை. ஊர் பஸ்ஸெல்லாம் அதில் சட்டவிரோதமாக ஓடிக்கொண்டிருந்தன. தள்ளுவண்டி அச்சு முறிந்தபடியே கிடக்க, தள்ள வேண்டிய நாங்கள் தோண்டப் போய்விட்டதால், பெரிய சாலை வரை போக வழியில்லாமல் கியர் அண்ணனுக்கு மறுபடியும் ஒரு முறை தவறியது. இப்போது அவர் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார்.

வழி சொன்னது அக்காதான். "ஆஸ்பத்திரி ரோட்டுப் பள்ளத்தைக் காணோம்னு ஒரு மனு குடுங்களேன், தோழர். பஸ் அங்க போகும்ல?"

அந்த யோசனையின் அழகில் நாங்கள் அசந்துபோனோம். நான் எழுதிய மனுக்களிலேயே அதுதான் சிறந்தது. மக்களின் கண் முன்னே ஒரு பள்ளம் களவாடப்பட்டதை விளக்கி, மன்றம் இன்னும் உறங்குகிறதா என்று முடித்திருந்தேன். மன்றம் உறங்கவில்லை. மறுநாள் காலையிலேயே உத்தரவு வந்துவிட்டது.

கியர் அண்ணனின் மடியில் ஒரு கடப்பாரையை வைத்து முன்சீட்டில் உட்கார வைத்தோம். தூக்கக்கூடத் தெம்பில்லை, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். கண்டக்டர் பார்த்துவிட்டு, "பணியாளர் ரொம்ப வெளுத்துப் போயிருக்காரே" என்றார். "தோண்டித் தோண்டி இப்படி ஆயிட்டாருங்க" என்றார் அக்கா. பஸ் ஆஸ்பத்திரிச் சாலையில் குலுங்காமல் ஓடியது. அண்ணனின் கால் தரையில் அசையாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "ரோடுன்னா இதுதான்" என்றார். வாசலிலேயே இறக்கி, அக்காவோடு உள்ளே அனுப்பிவிட்டோம். மெஷின் காலியாக இருந்தது. சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று நர்ஸ் சொன்னாராம்.

நாங்கள் சாலை முனைக்குத் திரும்பி, மகிழ்ச்சியோடு தோண்டினோம். இவ்வளவு நாள் பழக்கத்தில் கை தேறியிருந்தது. நாங்கள் தோண்டியதிலேயே ஆழமானது அதுதான். கொத்தனார்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "இதை மூடுறவன் பாடு திண்டாட்டம்" என்று பாராட்டினார்.

சாயங்காலம் அண்ணனைக் கூட்டிவர உள்ளே போகலாம் என்று டிரைவரிடம் சொன்னேன்.

"எப்படிங்க போறது?" என்றார். "முனையில பள்ளம் இருக்கே. சான்று வர்ற வரைக்கும் உள்ள போகக்கூடாது. விதி."

திரும்பிப் பார்த்தேன். எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர் பஸ்ஸெல்லாம் வரிசையாக நின்றன. நோயாளிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரைக் கட்டிலோடு தூக்கினார்கள். முனையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை திடமான ஆளுக்கே மூச்சு வாங்கும் தூரம். அந்தத் தூரத்தின் பாதியில், அக்காவின் தோளில் சாய்ந்தபடி, இரண்டடி நடப்பதும் நிற்பதுமாகக் கியர் அண்ணன் வந்துகொண்டிருந்தார். அடுத்த முறை அந்தத் தூரத்தை அவர் எதிர்த்திசையில் நடக்க வேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தடவை ரத்தம் சுத்தமாக இருக்காது.

ஆஸ்பத்திரி ஊழியர்கள் கூடை கூடையாகச் செங்கல்லும் மண்ணும் சுமந்துகொண்டு ஓடி வந்தார்கள். நோயாளிகளின் சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு கல்லை எடுத்துக்கொண்டார்கள். முதல் கூடையைக் கவிழ்க்கப் போனபோது நான் கையை உயர்த்தினேன்.

"தொடாதீங்க. குழு வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு கல்கூட உள்ள விழக்கூடாது. விழுந்தா ஜென்மத்துக்கும் பஸ் வராது. நாங்க பட்டு அனுபவிச்சவங்க."

என் குரலில் அனுபவம் இருந்திருக்க வேண்டும். கல்லை எல்லோரும் கீழே வைத்தார்கள். ஒருவர் நன்றிகூடச் சொன்னார். அதுவரைக்கும் உள்ளே போக வேண்டியவர்கள் என்ன செய்வது என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, மனு எழுதித் தருகிறேன் என்றேன்.

பள்ளத்தின் மறுகரைக்கு அக்கா வந்து சேர்ந்துவிட்டார். அண்ணனை விளிம்பில் உட்கார வைத்துவிட்டு, கீழே வைத்த கற்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுதுங்க, தோழர்" என்றார். "உங்களுக்குத்தான் நல்லா எழுத வரும்."

அண்ணன் நின்றுபோன பஸ்களைப் பார்த்தபடி, வலது காலால் மண்ணை அழுத்திக்கொண்டே இருந்தார்.