கண்ணாடிக்காரர் வாங்கிய பிக்கப்

ஒரு திங்கட்கிழமை காலையில் கண்ணாடிக்காரர் பல் தேய்த்துக்கொண்டே சபதம் செய்தார். இனிமேல் தன் சைக்கிளை வாடகை வண்டியில் ஏற்றினால் தன்னை மனுஷன் என்றே யாரும் மதிக்க வேண்டாம் என்றார். வாய் நிறைய நுரை இருந்ததால் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. புரிந்திருந்தாலும் யாரும் பதறியிருக்க மாட்டார்கள். அந்த வீட்டில் மாதம் ஒரு சபதம் வழக்கம்.

ஊருக்கெல்லாம் கண்ணைப் பார்த்துக் கண்ணாடி மாட்டி விடுகிறவர் அவர். வாரத்தில் ஆறு நாள் கடையின் பின்னறையில் விளக்கை அணைத்துவிட்டு, "இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா" என்று கேட்டுக் கேட்டு நாக்கு தேய்ந்துபோன மனிதர். ஏழாம் நாள் அவருக்கு மலை வேண்டும். அவரும் பல் டாக்டரும் மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் மலையில் சைக்கிள் விடுகிறார்கள். ஏறுவதற்கு இல்லை. ஏறுகிற வயசு போய், இருவருக்கும் வயிறு வந்துவிட்டது. சைக்கிளை வண்டியில் போட்டு உச்சிக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் கல்லும் வேரும் தாண்டிக் குலுங்கிக் குலுங்கி இறங்குவார்கள். பாதை மலைக்கு மறுபக்கம் போய் முடியும். அதனால் உச்சியில் நிற்கும் வண்டியை யாராவது ஒருவர் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு அடிவாரத்துக்கு ஓட்டி வர வேண்டும். இத்தனை நாள் அதை வாடகை வண்டியின் டிரைவர் செய்தார்.

இறங்குவதற்கு இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷம் அவரை யாரும் எதுவும் கேட்க முடியாது. அவரும் யாரையும் எந்த எழுத்து தெரிகிறது என்று கேட்க வேண்டாம். அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் அவர் மற்ற நாட்களைச் சகித்துக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் வாடகை வண்டிக்காரர் "போற வழிதானே சார்" என்று சொல்லிச் சைக்கிள்களின் மேல் பதினோரு மூட்டை வெங்காயத்தை அடுக்கிவிட்டார். கியர் கம்பி வளைந்தது. சபதம் அங்கிருந்து பிறந்தது.

அவருடைய மனைவி பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். பாடம் நடத்துவது கொஞ்சம்தான். மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் டைம்டேபிள் போடுவது அவர்தான். எந்த வாத்தியாருக்காவது ஒரு பீரியட் காலியாக இருந்தால் டீச்சருக்குக் கை அரிக்கும். அதில் ஒரு வகுப்பைச் சொருகிவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

"ஒரு பிக்கப் வாங்கலாம்னு இருக்கேன்" என்றார் கண்ணாடிக்காரர். சண்டைக்குத் தயாராகத் தோளை நிமிர்த்திக்கொண்டார்.

"வாங்குங்களேன்."

"உள்ள அஞ்சு பேர் உட்காரலாம். பின்னால திறந்த தொட்டி. சைக்கிள் எல்லாம் சும்மா அப்படியே..."

"நல்லதுதான். வாங்குங்க."

"வீட்ல கார் இருக்கும்போது இது எதுக்குன்னு நீ கேட்கலையே?"

"கேட்டா வாங்காம இருக்கப் போறீங்களா?"

இவ்வளவு சுலபமாக ஒரு கதவு திறந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று புத்தியுள்ளவன் எட்டிப் பார்ப்பான். கண்ணாடிக்காரர் அட்வான்ஸ் கொடுக்க ஓடினார்.

முதல் ஞாயிறு விடிந்தது. புது பிக்கப் வாசலில் பளபளவென்று நின்றது. கண்ணாடிக்காரர் முழங்கால் பட்டை கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் வண்டிக்குப் பக்கத்தில் சகலை நின்றுகொண்டிருந்தார். கையில் பெரிய கயிற்றுச் சுருள்.

சகலை என்றால் டீச்சருடைய அக்காவின் புருஷன். பழைய மரச் சாமான் எங்கே விற்றாலும் அதைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று நினைக்கிறவர். வாங்கிய பிறகுதான் வாசற்படியை அளப்பார்.

"சகலை, ஒரு பீரோ. சின்னதுதான். அரை மணி நேர வேலை" என்றார்.

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"உங்களுக்கு மலைக்கு எட்டு மணிக்குத்தானே? ஆறரையிலேர்ந்து எட்டு வரைக்கும் வண்டி சும்மா நிக்குது. அத்தானுக்குக் கொடுத்திருக்கேன்" என்றார் டீச்சர். ஃப்ரிட்ஜ் கதவில் ஏற்கெனவே ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. மேலே 'பிக்கப்' என்று எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தது.

சின்ன பீரோவை ஆறு பேர் தூக்கினார்கள். அது சகலை வீட்டு வாசலில் நுழையவில்லை. பக்கவாட்டில் நுழைத்தார்கள், தலைகீழாக நுழைத்தார்கள், கதவைக் கழற்றிவிட்டு நுழைத்தார்கள். பிறகு சகலையின் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. பல் டாக்டர் மூன்று முறை போன் செய்து, நான்காவது முறை செய்யாமல் விட்டுவிட்டார்.

இரண்டாம் ஞாயிறு அதே பீரோ தம்பி வீட்டிலிருந்து திரும்பி வந்தது. மூன்றாம் ஞாயிறு அது விற்பனைக்குப் போய், விலை படியாமல் பிக்கப்பிலேயே ஊரைச் சுற்றிப் பார்த்தது. நான்காம் ஞாயிறு பள்ளிக்கூடத்தின் பழைய பெஞ்சுகள். வண்டி இருக்கிறவன் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் பாசத்தோடு வருவார்கள் என்பது கண்ணாடிக்காரருக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது. அந்தப் பீரோவின் ஒவ்வொரு கீலும் அவருக்குப் பழக்கமாகிவிட்டது. மலையின் நிறமே மறந்துவிட்டது.

ஷெட்டில் சைக்கிள் சும்மா நின்றது. அதைத் துடைக்கப் போனவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஸீட் நாலு விரல் கீழே இறங்கியிருந்தது.

"ஏம்மா, என் சைக்கிளை யாராவது தொட்டீங்களா?"

"திருகாணி லூசா இருக்கும். முடுக்கி விடுங்க" என்றார் டீச்சர். முழங்கையில் பெரிய பிளாஸ்திரி.

"கையில என்ன?"

"ஸ்கூல் படியில வழுக்கிடுச்சு."

அவர் ஸீட்டை உயர்த்தி முடுக்கினார். அடுத்த வாரம் அது மறுபடி நாலு விரல் இறங்கியிருந்தது. டயரில் செம்மண் வேறு. இந்தக் காலத்துத் திருகாணியே மோசம் என்று சொல்லிக்கொண்டு இன்னும் அழுத்தி முடுக்கினார். ஊரார் கண்ணில் கால் பவர் குறை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர் அவர்.

ஐந்தாம் வாரம் அவர் பொறுமை தீர்ந்தது. வெல்டிங் பட்டறைக்கு வண்டியை ஓட்டிப்போனார். தொட்டியில் சைக்கிள் மாட்டுகிற இரும்புச் சட்டம் வேண்டும், கழற்ற முடியாதபடி பற்றவைத்துவிடு என்றார். எத்தனை சைக்கிளுக்கு என்று கேட்டார் வெல்டர்.

"நாலு."

"நீங்க ரெண்டு பேர்தானே சார் போறீங்க?"

"நாலு போடுப்பா. நடுவுல ஒரு முக்காலி வைக்கக்கூட இடம் இருக்கக் கூடாது."

வண்டி முள்ளம்பன்றி மாதிரி வீடு திரும்பியது. பீரோவுக்கு வழி அடைந்தது. ஆனால் சகலை லேசுப்பட்டவர் இல்லை. சட்டத்துக்கு மேலே பலகை போட்டுக் கட்டிக்கொள்கிறேன், நீங்கள் அலைய வேண்டாம், சாவியை மட்டும் கொடுங்கள், நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று போன் செய்தார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கதைதான்.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரர் கூடத்தின் நடுவில் நின்று பிரகடனம் செய்தார்.

"இந்த வண்டியோட ஸ்டியரிங்கை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. குடும்ப குரூப்ல இப்பவே போடு."

அவர் எதிர்பார்த்த சண்டை அன்றும் வரவில்லை. டீச்சர் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க, எழுதறேன். யாரும்னா அத்தானா?"

"அத்தானும்தான். உன் தம்பியும்தான்."

"நான்?"

"நீயும்தான். தப்பா நினைச்சுக்காதே. இந்த கிளட்ச் என் காலுக்குத்தான் படியும்."

"தப்பா நினைக்கல. உங்க பல் டாக்டர்?"

இந்த இடத்தில் கண்ணாடிக்காரர் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். அவரும் டாக்டரும் போட்டிருந்த திட்டமே, முதல் தடவை டாக்டர் வண்டியை இறக்குவது, இரண்டாம் தடவை இவர் இறக்குவது என்பதுதான். ஆனால் நான்கு வாரத்து பீரோ அவர் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது.

"பல் டாக்டர் என்ன, பல்லைப் படைச்ச பிரம்மாவே வந்து கேட்டாலும் சாவி கிடையாது."

"விதிவிலக்கு இல்லைன்னு போட்டுடவா?"

"போடு. பெரிய எழுத்துல போடு."

போட்டார். குரூப்பில் எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். சகலை மட்டும் கொஞ்சம் தாமதமாகக் காட்டினார். கண்ணாடிக்காரர் அன்று இரண்டு தட்டுச் சாப்பிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது கத்திவிட்டு வாயை மூடும். இவர் ஆள் வைத்து எழுதி வாங்கியிருக்கிறார்.

ஞாயிறு வந்தது. ஹெல்மெட்டைத் தேடினார், காணோம். முழங்கால் பட்டையையும் காணோம். வாசலுக்கு வந்தார். இரும்புச் சட்டத்தில் நான்கு சைக்கிள்கள் வரிசையாக, அழகாக மாட்டியிருந்தன. ஒன்று டாக்டருடையது. ஒன்று டாக்டர் மனைவியுடையது. அந்த அம்மாள் டீச்சர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மூன்றாவது புதுசு, பக்கத்தில் டீச்சரின் அக்கா பெருமையாக நின்றார். நான்காவது அவருடைய சொந்த சைக்கிள். ஸீட் நாலு விரல் இறங்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில், அவருடைய ஹெல்மெட்டையும் முழங்கால் பட்டையையும் போட்டுக்கொண்டு, அவருடைய மனைவி.

"இது என்ன?" என்றார்.

"ஒரு மாசமா ஸ்கூல் விட்டதும் மைதானத்துக்குப் பின்னாடி மண்மேட்டுல பழகினோம். இவங்கதான் கத்துக்கொடுத்தாங்க" என்று விளையாட்டு டீச்சரைக் காட்டினார். "உங்க சைக்கிள் சும்மாதானே நின்னுச்சு."

"அப்போ அந்தத் திருகாணி..."

"திருகாணி நல்லாத்தான் இருக்கு. நீங்க முடுக்கி முடுக்கி எனக்குத்தான் தினமும் கை வலி."

கண்ணாடிக்காரர் டாக்டர் பக்கம் திரும்பினார். டாக்டர் வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"சரி, வாங்க எல்லாரும், சந்தோஷம்" என்று கண்ணாடிக்காரர் சமாளித்தார். "நீ ஒரு தடவை இறங்கு, நான் ஒரு தடவை இறங்கறேன். அப்போ வண்டியை டாக்டர் கொண்டுவருவார்."

"எப்படிங்க? குரூப்ல போட்டிருக்கே."

"அது... டாக்டர் வேற."

"பிரம்மாவுக்கே கிடையாதுன்னீங்க."

"ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"பேச்சுக்குச் சொல்லலாம். எழுத்துல போட்டாச்சே. டைம்டேபிள்ல ஒருத்தருக்கு விலக்கு கொடுத்தா மறுநாள் மொத்த ஸ்டாஃபும் வந்து நிப்பாங்க."

மறுநாள் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. தெருமுனையிலிருந்து கயிற்றுச் சுருளோடு சகலை வந்துகொண்டிருந்தார்.

"வீட்டுக்காரியை வழியனுப்ப வந்தேன் சகலை" என்றார். "ஆமா, டாக்டர் ஓட்டலாமா? அப்போ சொல்லிடுங்க, நானும் ஒரு சாவி செஞ்சுக்கறேன். அடுத்த வாரம் ஒரு சோபா பார்த்து வெச்சிருக்கேன்."

கண்ணாடிக்காரர் இந்தப் பக்கம் பார்த்தார், மலை. அந்தப் பக்கம் பார்த்தார், சோபா. குரூப்பில் போட்ட சட்டத்தைக் காப்பாற்றினால் ஸ்டியரிங்கை விட முடியாது. விட்டால் ஆயுசுக்கும் மரச் சாமான். இதில் தெளிவாக இருக்கிறதா, அதில் தெளிவாக இருக்கிறதா என்று ஊரையே கேட்டவருக்கு அன்று இரண்டிலும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தது.

"யாருக்கும் கிடையாது" என்று சொல்லி டிரைவர் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

உச்சியில் இறக்கிவிட்டபோது டீச்சர் ஜன்னல் பக்கம் வந்தார். "கோபமா?"

"இல்லை."

"மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து, காத்து இப்படி அடிச்சுது, பாதை இப்படி வளைஞ்சுதுன்னு சொல்லிச் சொல்லி நீங்கதானே ஆசை காட்டினீங்க. ஒரு நாளாவது வர்றியான்னு கேட்டீங்களா?"

கேட்டதில்லைதான். அதை நினைத்தபோது கோபத்தை எங்கே வைப்பதென்றே தெரியாமல் எரிச்சல் இன்னும் கூடியது. நால்வரும் சத்தம் போட்டுக்கொண்டு பாதையில் பாய்ந்தார்கள். அவருடைய சைக்கிள் முதல் வளைவில் அவர் இல்லாமலே அழகாகத் திரும்பியது.

பதினான்கு கிலோமீட்டர் சுற்றி அடிவாரத்துக்கு வந்தார். மரத்தடியில் இன்னும் இரண்டு வாடகை பிக்கப்கள் நின்றன. டிரைவர்கள் கதவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் வெங்காய மூட்டைக்காரர். ஹெல்மெட் இல்லாத முகத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார், ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

தூரத்துப் புதரிலிருந்து டீச்சர்தான் முதலில் வெளியே வந்தார். உடம்பெல்லாம் செம்மண், முகமெல்லாம் சிரிப்பு. இறங்கின வேகத்தில் கையை உயர்த்தி, "இன்னும் ரெண்டு ட்ரிப், வண்டியைத் திருப்புங்க" என்றார்.

"உங்க மேடமா?" என்று கேட்டார் வெங்காயக்காரர். "நல்ல சுறுசுறுப்பு. எத்தனை வருஷமா அவங்ககிட்ட ஓட்டறீங்க?"

கண்ணாடிக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

"இருபத்திரெண்டு வருஷம். வண்டி மட்டும்தான் புதுசு."