சமத்துவ சாதத்தில் ஒரு கை உப்பு

எவ்வளவு பெரிய கொள்கையாக இருந்தாலும் அடுப்படி வரைதான் அதற்கு ஆயுள். இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொல்லும் யோக்கியதையை ஒரு கைக் கல்லுப்பில் இழந்தவள் நான்.

அறுபதுகளின் தொடக்கம். கோவையில் எங்கள் மாதர் சங்கத்துக்கு நான் செயலாளர். (வயது இருபத்தாறு, வாய்க்கு மட்டும் அறுபது.) சென்னையில் நடக்கவிருந்த சமாதான மாநாட்டுக்குப் பன்னிரண்டு பேர் போக வேண்டும். மூன்று நாள் வீட்டை யார் பார்ப்பது? "கணவன்மார்தான்!" என்று முழங்கினேன். அணுகுண்டு வேண்டாம் என்றபோது கைதட்டிய கணவன்மார், இதற்குக் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஆண்களே எங்கள் ஊர் அரிசியும் பருப்பும் சாதம் ஆக்க வேண்டும். சாப்பாடு தேறினால் சென்னை, தேறாவிட்டால் வீடு.

மில்லில் ஃபிட்டராக இருந்த என் வீட்டுக்காரர் தலைமையில் பின்பக்கம் அண்டா அடுப்பேறியது. உள்ளே கூட்டத்தில் நான், ஆண்களை நம்பி அடுப்பை விடுங்கள் என்று அரைமணி நேரம் பேசினேன். மேடையை விட்டு இறங்கியதும் ஒரே சந்தேகம். இந்த மனுஷன் உப்புப் போட்டிருப்பாரா? பின்பக்கம் நழுவினேன். ஆண்கள் கிணற்றடியில் வாழையிலை கழுவிக்கொண்டிருந்தார்கள். ருசி பார்க்கலாம்தான். ஆனால் பந்திக்கு முன் நாக்கில் வைத்தால் எச்சில் ஆயிற்றே! பார்க்காமலே ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தேன்.

பந்தியில் முதல் கவளத்திலேயே எங்கள் சங்கத் தலைவி அம்மாள் தண்ணீரைத் தேடினார்.

"ஏனுங்க, இதென்ன சோறுங்களா, உப்பளமுங்களா?"

"அளந்துதானுங்க போட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் முகம் சுண்டிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும், அவர் மானம் போகும், சென்னையும் போகும். எழுந்தேன்.

"நாந்தானுங்க ஒரு கை போட்டுபோட்டேன்."

பிறகு மூலையிலிருந்து பாப்பாத்தி அக்கா எழுந்தார். "நானும் ஒரு கை போட்டேன் கண்ணு." அடுத்து ருக்மணி. இப்படியே ஏழு பேர் ஆயிற்று. எட்டாவதாகத் தலைவி அம்மாளே மெல்லக் கையைத் தூக்கினார்.

என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"அப்ப நாங்க போட்ட உப்பு செரியாத்தான் இருந்திருக்குது! தாராளமாப் போயிட்டு வா அம்மணி. நீங்கெல்லாம் ஊர்ல இல்லீனாத்தான் எங்களுக்கு நல்ல சோறு!"

போய் வந்தோம். மூன்று நாளும் வீட்டில் ஒரு குறையும் இல்லை. (எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.) அன்றுமுதல் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவருடையது. சொல்லக் கூடாது, என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும். அடுப்படிக்குள் போனதும் கதவை உட்பக்கம் தாழிட்டுக்கொள்வார். இத்தனை வருஷம் கழித்தும், நான் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போனாலும் போதும், கூடத்திலிருந்து பேத்தி கத்துவாள்:

"தாத்தா, ஜன்னலையும் சாத்துங்க! செயலாளர் வாராங்க!"