ஒரு குச்சிகூடக் கிழிக்கவில்லை

தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டதிலிருந்து சூசைராஜ் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. ஞாயிற்றுக்கிழமை மகள் பிளெஸ்ஸிக்கு நிச்சயதார்த்தம். வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. வருகிற வேன்களையும் கார்களையும் பக்கத்திலேயே இருந்த தன் கொல்லையில் நிறுத்தலாம் என்றால், அங்கே போன மாதம் தைல மரம் வெட்டிய மிச்சம் முழங்கால் உயரத்துக்குச் சருகாகக் கிடந்தது. வந்தவர்களில் எவனாவது பீடித் துண்டை வீசினால் போச்சு. முன்கூட்டியே எரித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

சிக்கல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. இருபத்தாறு முந்திரி மரங்கள், கொப்பெல்லாம் பூ. மாப்பிள்ளை சார்லஸின் அப்பா அடைக்கலத்தின் தோப்பு. பெற்ற பிள்ளைகளின் வயதைக் கேட்டால் அடைக்கலம் விரல் மடக்கி யோசிப்பார். எந்த மரம் எப்போது வைத்தது என்று கேட்டால் தேதியோடு சொல்வார். ஒரு பொறி வேலி தாண்டினால் தோப்போடு கல்யாணமும் சாம்பல்.

அதனால் சூசைராஜ் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். முதலில் அடைக்கலத்திடம் போய்ச் சொன்னார். பார்த்துச் செய்யுங்கள் சம்பந்தி என்றார் அவர். அடுத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். எடுத்தவர் பொறுமையாகச் சொல்லச் சொல்ல, பிளெஸ்ஸியின் பழைய கல்லூரி நோட்டில் எழுதிக்கொண்டார். எல்லையை ஒட்டிப் பத்தடி அகலத்துக்கு மண் தெரியச் சுரண்டிவிட வேண்டும். தண்ணீர் தயாராக நிற்க வேண்டும். பொறி பறந்தால் அடித்து அணைக்க, பச்சைக் கொப்போடு ஆட்கள் நிற்க வேண்டும். காற்று கிளம்பிவிட்டால் தீப்பெட்டியைத் தொடவே கூடாது.

சுரண்டுவதற்கு ஜேசிபி வந்தது. ஓட்டுநர் கவியரசன் கைதேர்ந்த வேலைக்காரன். வேலியை ஒட்டிக் கோடு போட்டதுபோல் அரை மணியில் சுரண்டி முடித்தான். முடித்த இடத்தில் வண்டியைத் திருப்பத்தான் இடம் இல்லை.

"எங்கிட்டுண்ணே திருப்புறது? இங்கிட்டு பந்தலு, அங்கிட்டு ஒங்க சம்பந்தி தோப்பு."

"கொல்லைக்குள்ள திருப்பு தம்பி."

"சருகுக்குள்ளயா? இஞ்சின் சூட்டுல பத்திக்கிச்சுன்னா என்னையக் கேக்கக் கூடாது."

அந்த வார்த்தையிலேயே சூசைராஜுக்குப் புகை தெரிந்தது. லேசாகத் தோப்புக்குள் விட்டுத் திருப்பிக்கொள் என்றார். லேசாக என்பது ஜேசிபிக்குத் தெரியாது. வேலியில் மூன்று கல்லுக்கால் சாய்ந்தது. அதன் பின்னாலேயே நான்கு முந்திரி வேரோடு சாய்ந்தது.

போகட்டும், நான்குதானே, மீதியைக் காப்பாற்றிவிட்டால் பேசிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றுவதற்குள் தண்ணீர் டேங்கரோடு டிராக்டர் வந்தது. வேலியில் திறப்பைக் கண்ட டிரைவர், நிழலில் நிறுத்தலாம் என்று நேராகத் தோப்புக்குள் விட்டான். மரம் பெயர்ந்த பொதபொத மண்ணில் டேங்கர் அச்சு வரைக்கும் புதைந்தது.

தண்ணீரைத் திறந்துவிட்டால் கனம் குறையும் என்று கவியரசன் யோசனை சொன்னான். திறந்துவிட்டார்கள். கனம் குறைந்தது. மண் சேறாகி டேங்கர் இன்னும் அரையடி இறங்கியது.

ஜேசிபியை மறுபடி உள்ளே விட்டால் இன்னும் நாலு மரம் போகும். ஆகவே செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியை ஒரு மரத்தில் மாட்டி டேங்கரை இழுத்தார்கள். டேங்கர் வரவில்லை. மரம் வந்தது. அடுத்த மரத்தில் மாட்டினார்கள். அதுவும் வந்தது. மூன்றாவது முறை டேங்கர் வந்தது. கூடவே மரமும் வந்தது.

சூசைராஜ் தலை முதல் கால் வரை அப்பிய சேற்றைக் கழுவிக்கொண்டு திரும்பினார். வேலியோரம் அவர் மனைவி இன்னாசியம்மாள், விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் இருபது பேரை வரிசையாக நிறுத்தியிருந்தாள். கைக்கு ஒன்றாக ஆளுக்கு இரண்டு பச்சைக் கொப்பு. ஒவ்வொன்றின் நுனியிலும் கொத்துக் கொத்தாகப் பூ.

"இன்னாசி, கொப்பெல்லாம் எங்கிட்டு ஒடிச்சீக?"

"நம்ம தைலத்தத்தான் வெட்டியாச்சே. தோப்பக் காப்பாத்தத்தான தோப்புல ஒடிச்சோம், அதுக்கு ஏன் இப்புடி முழிக்கிறீங்க?"

வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு குடும்பத்தோடு மொட்டை போட்டதுபோல் மிச்சம் பத்தொன்பது மரமும் நின்றன.

சரி, சட்டென்று எரித்துவிட்டு மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று பையில் கை விட்டார் சூசைராஜ். அந்த நேரம் பார்த்து அவர் தோளில் கிடந்த துண்டு எழும்பிப் பறந்து பந்தல் மேலே போய் விழுந்தது. காற்று கிளம்பிவிட்டது.

காற்றோடு ஒரு டிவிஎஸ் வண்டிச் சத்தமும் வந்தது. முன்னால் அடைக்கலம், பின்னால் அவர் தோப்புக் காவல்காரன் பெரியண்ணன்.

இருபது பேரும் நாற்பது கொப்புகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். அடைக்கலம் சாய்ந்த மரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தார். மொட்டை மரங்களை அண்ணாந்து பார்த்தார். பிளெஸ்ஸி ஜன்னலில் நின்று கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சூசைராஜ் தீப்பெட்டியை உருவித் திறந்து காட்டினார். "சம்பந்தி, மாதா மேல சத்தியமா ஒரு குச்சிகூடக் கிழிக்கலை."

அடைக்கலம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று இன்னாசியம்மாள் சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்தாள். பார்த்தால் சிரிப்பு. நிற்க முடியாமல் சாய்ந்த மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்.

"நெருப்பே இல்லாம ஒரு தோப்பக் காலி பண்ணுன ஆளு நீங்க ஒருத்தருதான் சம்பந்தி. எரிக்கிற சோலிய விடுங்க. மரம் பேந்த குழி ஏழு கெடக்கு. சருக அதுல தள்ளி மூடுங்க, மக்கட்டும். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வந்துருவோம்."

டீ குடித்தார். இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்தார். வண்டி தெரு முனை திரும்பும் வரை அவர் சிரிப்பு கேட்டது.

சூசைராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. டேங்கராகவும் மரமாகவும் மாறி மாறித் தானே நடித்துக் காட்டினார். சொந்தக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இப்படி ஒரு தங்கமான சம்பந்தி எந்த ஊரில் கிடைப்பார் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"போனது அவங்க சொத்து. அவங்களே சிரிச்சுட்டுப் போறாங்க. நமக்கென்ன?" என்றாள் இன்னாசியம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வண்டியில் போகாமல் பின்தங்கி வேலிக் கம்பியை முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த பெரியண்ணன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "அவரு ஏன்க்கா கவலப்படப் போறாரு? நிச்சயத் தட்டுல வைக்கணும்னு நேத்துத்தான் புதுக்கோட்டைக்குப் போயி, இந்தத் தோப்ப நம்ம பிளெஸ்ஸி பேருக்கு எழுதிப் பதிஞ்சுட்டு வந்தாரு."