ஷட்டரை இறக்கிய கதை

எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. இதை இப்போது தயங்காமல் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் சொல்லியிருந்தால் புசல்லாவையில் ஒரு குடும்பத்தின் மானம் தப்பியிருக்கும்.

பெரியப்பா கட்டாரில் சாரதி. அவருடைய ஒரே மகள் செல்வி அக்காவுக்குப் பரிசம் போட நாள் குறித்தார்கள். ஏற்கனவே இரண்டு தடவை தள்ளிப்போன சம்பந்தம். பெரியப்பாவுக்கு லீவு இல்லை. "பரிசத்துக்கும் வர முடியாது, கல்யாணத்துக்கும் வர முடியாது. வீடியோவுல பாத்துக்கிறேன்" என்றார். உடனே நான், "கவலைய விடுங்க பெரியப்பா, நான் எடுக்கிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். (என்னிடம் கமராவே இல்லை.)

கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்த ரமேஷ் என் நண்பன். அவனிடம் கமராவை இரவல் வாங்கி, ஸ்டூடியோ வாசலில் நல்ல வெயிலில் கால் மணி நேரம் பழகினேன். இருட்டான இடத்தில் எதை எந்த எண்ணில் வைப்பது என்று அவன் சொல்லச் சொல்ல, உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டேன். மறுநாள் பரிசம் நடந்த ஹோல் வாசலில் யாரோ ஒரு அத்தை அதே கையில் சந்தனத்தைப் பூசிவிட்டார். பாடம் முழுவதும் அழிந்தது.

ஹோல் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பிரதான வீதியில் ஒரு கடைக் கட்டடத்தின் கீழ்த்தளம் அது. கதவுக்குப் பதிலாக இரும்பு ஷட்டர். உள்ளே இரண்டு டியூப் லைட். அதில் ஒன்றை அலங்காரம் செய்தவர் சேலைத் துணியால் மூடியிருந்தார். வெளியே பகல் இரண்டு மணிக்கே பனிமூட்டம். அந்த ஷட்டருக்குத் தானாக நழுவி இறங்கும் வியாதி இருந்ததால், பெரியம்மாவின் தம்பி கணேஷ் மாமாவைக் கொக்கிக் கம்பியோடு அங்கே நிறுத்தியிருந்தார்கள். மாமா சொன்ன வேலையை அப்படியே செய்பவர். சொன்னது யாரிடம் என்று மட்டும் பார்க்க மாட்டார்.

மாப்பிள்ளை வீட்டு வேன் வருகிறது என்றார்கள். கமராவைத் தூக்கினேன். திரையில் ஒரே கறுப்பு. ரமேஷுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"மச்சான், எல்லாம் இருட்டா இருக்குடா."

"ஷட்டர் எதுல இருக்கு?"

"ஐந்நூறு."

"அது வெயிலுக்குடா. ஷட்டரை எறக்கு."

கமராவின் ஷட்டர் எண்ணை இருநூறுக்கு இறக்கினேன்; எண் குறையக் குறைய படத்தில் வெளிச்சம் கூட வேண்டும். வாசல் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். நான் தலை நிமிரவில்லை, கலைஞன் அல்லவா.

"இப்ப எப்படி?"

"இன்னும் இருட்டாயிருச்சுடா."

"அப்ப இன்னும் எறக்கு."

நூறு. மறுபடியும் கடகட. திரை இன்னும் கறுத்தது.

"என்னடா இது, எறக்க எறக்க இருட்டாகுது?"

"அப்படி ஆகாதே. ஐம்பது வரைக்கும் எறக்கிப் பாரு."

கடைசியாக டமார் என்று ஒரு சத்தம். ஹோலே இருண்டது. அப்போதுதான் நிமிர்ந்தேன். ஷட்டர் தரையில் கிடந்தது. மாமா கம்பியோடு என்னைப் பார்த்து, "போதுமா தம்பி? இதுக்கு மேல எறக்க முடியாது" என்றார்.

வெளியே தட்டுகளோடு மாப்பிள்ளை வீட்டார். அவர்களுடைய பெரியவர் ஒருவரின் குரல் இரும்பைத் தாண்டி வந்தது: "பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா போன்லயே சொல்லியிருக்கலாமே."

பெரியம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லவே வேண்டாம். மூன்றாவது தடவையும் தள்ளிப்போனால் அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு பேர் சேர்ந்து தூக்கியும் ஷட்டர் இடுப்பளவில் சிக்கி நின்றது. நான் என்ன செய்வது என்று தெரியாமல், வெளிச்சம் கூட்டும் ஐ.எஸ்.ஓ.வைக் கடைசி எண் வரை திருகினேன்.

வெளியே அந்தப் பெரியவர், "நான் குனிஞ்சு வரமாட்டேன்" என்று நின்றார். மாப்பிள்ளைதான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் தவழ்ந்து உள்ளே வந்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்து, "வரலாமுங்களா?" என்றார். அக்கா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பிறகு தட்டுகள் வந்தன, மாப்பிள்ளையின் அம்மா வந்தார், வேறு வழியில்லாமல் பெரியவரும் முனகிக்கொண்டே குனிந்தார். பரிசம் நல்லபடியாக நடந்தது.

என் வீடியோ நடக்கவில்லை. முதல் பாதி முழுக் கறுப்பு. ஷட்டர் திறந்த பின் வெள்ளையோ வெள்ளை. சத்தம் மட்டும் துல்லியமாகப் பதிந்திருந்தது. அதை அப்படியே கட்டாருக்கு அனுப்பினேன். வேறு எதை அனுப்புவது?

அன்று மாலை பெரியப்பா கட்டாரிலிருந்து எனக்குப் போன் எடுத்தார்.

"என்னடா, மொதல்ல ராத்திரி, அப்புறம் பனி?"

திட்டு வரும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"ஒருத்தர் மூஞ்சியும் தெரியல. செல்வி சிரிச்சது மட்டும் கேட்டுச்சு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நான்கு மாதம் கழித்துக் கல்யாணம். கிடைக்கவே கிடைக்காது என்ற லீவை முதலாளியிடம் சண்டை பிடித்து வாங்கிக்கொண்டு பெரியப்பா வந்து நின்றார். தாலி ஏறியதும் என் தோளைப் பிடித்து, "நீ மட்டும் அன்னைக்கு ஒழுங்கா எடுத்திருந்தா, நான் இன்னைக்கு வந்திருக்கவே மாட்டேன்டா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

இப்போதெல்லாம் எங்கள் குடும்பத்து விசேஷத்துக்கு வெளிநாட்டுச் சொந்தம் யாராவது லீவு இல்லை என்று இழுத்தால், பெரியம்மா போனில் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "பரவாயில்லப்பா, நம்ம தம்பி வீடியோ எடுத்து அனுப்புவான்."

அநேகமாக எல்லோரும் வந்துவிடுகிறார்கள்.