என் வாயில் ஓர் எதிர்க்கட்சிப் பல்

நம் கிளையின் செயலாளரும், அந்தப் பதவிக்கு வருவதற்கு முப்பது வருடம் முன்பே என் அக்காவின் கடைக்குட்டியாகப் பதவியேற்றவனுமான மருமகனுக்கு, உன் தாய்மாமன் இடது கன்னம் வீங்கிய நிலையில் எழுதும் விளக்கக் கடிதம். இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். அதாவது, உன் அத்தை சௌக்கியம். அங்கே உன் மனைவியும், நீயும், கட்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

'எதிர்க்கட்சி வேட்பாளருக்கு மேடையேறி உதவி செய்த உங்களை ஏன் கட்சியிலிருந்து நீக்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கவும்' என்று நீ அனுப்பிய நோட்டீஸ் கிடைத்தது. கையெழுத்து நன்றாக இருந்தது. அந்தக் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்தவன் நான்தான் என்பதை இங்கே குறிப்பிட விரும்பவில்லை, குறிப்பிட்டுவிட்டேன், போகட்டும். முப்பத்தெட்டு வருடமாக என் சட்டைப் பையில் இருக்கிற உறுப்பினர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். அதில் இருக்கிற போட்டோவில் எனக்குத் தலை நிறைய முடி. அந்த அட்டை இல்லாமல் தெருவில் இறங்கினால் லேசாகக் காற்றடித்தாலே நான் பறந்துபோய்விடுவேன் மாப்பிள்ளை. அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு, செயலாளராக ஒரு முறையும் மருமகனாக ஒரு முறையும் யோசி.

வெள்ளிக்கிழமை எதிர்க்கட்சி வேட்பாளரான பல் டாக்டரின் பிரசாரக் கூட்டம், அதில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டு அவரை மேடையிலேயே உருகி ஓட வைக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டவன் நீ. என் குரலை நம்பித்தான் போட்டாய், தப்பில்லை. நான் தும்மினால் மூன்று தெரு தள்ளித் தொட்டிலில் தூங்குகிற குழந்தை எழுந்து உட்காரும். ஆனால் திங்கட்கிழமை காலையில் என் கடைவாய்ப் பல் வெடித்தது. எரிமலை, பூகம்பம் என்றெல்லாம் பெரிதாகச் சொல்கிறார்களே, பாவம், அதெல்லாம் சின்னப் பிள்ளைகள். வலியில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சுவருக்கே வலித்திருக்கும். உன் அத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பேசிப் பேசியே தேஞ்சிருக்கும். வாங்க, முனையிலதான் டாக்டர் இருக்காரே" என்றாள். "அவர் நம்ம எதிரிடீ!" என்று கதறினேன். "உங்க பல்லு எந்தக் கட்சியிலயும் சேரல. நடங்க" என்றாள். நம் கட்சியில் இத்தனை வக்கீல்கள் இருந்தும் ஒரு பல் டாக்டர்கூட இல்லை என்பதை அடுத்த மாநாட்டில் யாராவது எழுப்ப வேண்டும்.

அந்த டாக்டரின் கிளினிக்கில் ஒரே ஒரு மீன் இருக்கிற மீன்தொட்டி இருக்கிறது. நோயாளி உட்காருகிற நாற்காலி அவருடைய அப்பா காலத்தது. கைப்பிடியில் தோல் கிழிந்த இடத்தில் அவரே ஊசி நூலால் தைத்திருக்கிறார். ஏன் மாற்றவில்லை என்று கேட்டதற்கு, "நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். பிற்போக்குத்தனத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். பிறகு உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"பிடுங்கிடுங்க டாக்டர்" என்றேன். "கெட்டுப்போனதை அடியோட பிடுங்கி எறியறதுதான் எங்க கொள்கை."

"தெரியும் சார், உங்க போஸ்டர்ல படிச்சேன். பிடுங்கறது ரெண்டு நிமிஷ வேலை. அப்புறம் அந்த இடத்துல ஒண்ணும் முளைக்காதே! மூணு தடவை வந்துட்டுப் போங்க, காப்பாத்திடலாம்."

கவனி மாப்பிள்ளை, இதுதான் அவர்கள் கட்சியின் முழுக் கொள்கையும். அதை என் பல்லிலேயே அமல்படுத்தினார். என் வாய்க்குள் ஒரு கண்ணாடி, ஒரு குழாய், இரண்டு பஞ்சுருண்டை, அவருடைய விரல்கள் நான்கு, இவ்வளவும் குடியேறிய பிறகு, "உங்க கட்சி சொல்ற இந்த இலவச பஸ் விஷயம் சார், சும்மா குடுக்கறதை யாரும் பத்திரமா வெச்சுக்க மாட்டாங்க" என்று ஆரம்பித்தார். நம் கட்சியின் அறிக்கை முழுவதும் எனக்குள் பொங்கி எழுந்தது. வெளியே வந்தது "ஆ… ஆ…" மட்டும்தான். உடனே அவர் கையை நிறுத்தினார். கண்ணாடி, குழாய், பஞ்சு எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். "மன்னிக்கணும் சார். பதில் சொல்ல முடியாத ஆள்கிட்ட விவாதம் பண்ணக் கூடாது. நீங்க சொல்லுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மரத்துப்போன நாக்கை வைத்துக்கொண்டு நான் பத்து நிமிடம் முழங்கினேன். எனக்கே புரியவில்லை, அவர் கேட்டார். கடைசியில், "நான் ஒத்துக்கல. ஆனா யோசிக்கிறேன். வாயைத் திறங்க" என்றார். தற்காலிகமாக அடைத்து அனுப்பும்போது வாசல் வரை வந்து, "வெள்ளிக்கிழமை எங்க கூட்டத்துல கேள்வி கேக்க வர்றீங்களாமே? அதுவரைக்கும் இடது பக்கம் மெல்லாதீங்க. குரல் முக்கியம்" என்றார்.

நான் அந்த ஆளை வெறுக்க எவ்வளவு பாடுபட்டேன் என்பது உனக்குத் தெரியாது. இரண்டாம் தடவை சிகிச்சைக்குப் போனதும் சேர்த்து, மூன்று நாள் துப்பறிந்தேன். பேப்பர் கடைக்காரரைக் கேட்டேன். "எவ்வளவு கூட்டமா இருந்தாலும் வரிசையிலதான் நிப்பாரு" என்றார். அவரிடம் பதினாறு வருடமாக வேலை பார்க்கிற நர்சம்மாவை மடக்கி, கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். "மீனுக்குத் தீனி போடப் போயிடுவார் சார்" என்றாள். அந்த மீன் மெலிந்து இருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தவன். கடைசியில் நோட்டுப் புத்தகத்தில் ஒரே ஒரு குற்றம் தேறியது: பல்லைத் துளைக்கும்போது சுருதி சேராமல் முணுமுணுக்கிறார். இதை வைத்துக்கொண்டு ஒரு தேர்தலை எப்படி நடத்துவது?

இப்போது நம் வேட்பாளரான காண்ட்ராக்டரைப் பார். அவர் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். பஸ்ஸும் நியாயம், ஆஸ்பத்திரியும் நியாயம், குடிநீரும் நியாயம். பதினொரு வருடமாக அவர் கூட்டத்துக்கெல்லாம் நான் ஒலிபெருக்கி கட்டினேன். இன்று வரை என்னை "ஏய் மைக்கு" என்றுதான் கூப்பிடுகிறார். போன மாதம் எழுபது வயதுக் கிழவரை நாற்காலியை விட்டு எழுப்பி, அதில் தன் மாலைகளைக் கழற்றி வைத்தார். நியாயம் நம் பக்கம், மனுஷன் அந்தப் பக்கம் என்றால் என்னைப்போல ஒரு ஏழைத் தொண்டன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

சரி, குற்றச்சாட்டுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் மூன்றாவது வரிசையில், உன் கேள்விகளை மடியில் வைத்துக்கொண்டு, நெருப்பாகத்தான் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் மைக்கின் முன்னால் வந்து "நண்பர்களே" என்றார். மைக் "கீ…ஈஈ" என்று கூவியது. யாரோ கற்றுக்குட்டி ஸ்பீக்கர் பெட்டியை நேராக மைக்கைப் பார்க்க வைத்திருக்கிறான். மறுபடி "நண்பர்களே", மறுபடி "கீ…ஈஈ". கட்சிக்காரனாக எனக்கு உள்ளம் குளிர்ந்தது, சத்தியம். ஆனால் நான் கட்சியில் சேருவதற்கு நாலு வருடம் முன்பே மைக் செட்டில் சேர்ந்தவன். மூன்றாவது கூவலுக்கு என் கால்கள் தாமாக எழுந்தன. நான் தடுத்தேன், கேட்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கைகள் பெட்டியை வெளிப்பக்கம் திருப்பின, ஆம்ப்ளிஃபயரில் இரண்டு குமிழை இறக்கின, மைக்கை அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தின. அப்போதுதான் பத்திரிகைக்காரன் போட்டோ எடுத்தான். நான் அவர் காலடியில் குனிந்திருப்பதுபோல விழுந்திருக்கிறது. நான் குனிந்தது வயருக்கு.

அதன் பிறகு அவர் பேசினார். கடைசி பெஞ்சு வரை தெளிவாகக் கேட்டது. என் வாழ்நாளில் நான் அமைத்த மிகச் சிறந்த ஒலி அதுதான் என்பதை எந்த விசாரணையிலும் சொல்வேன். பேசியதில் முக்கால்வாசி தப்பு. ஒரு வார்த்தை பொய் இல்லை. முடித்ததும், "முதல் கேள்வி என் நோயாளியோடது" என்று என்னைக் காட்டினார். அவர்கள் கட்சிப் பிள்ளைகள் "உக்காருய்யா!" என்று கத்தினார்கள். "அவர் பேசி முடிக்கற வரைக்கும் யாரும் பேசக் கூடாது" என்று டாக்டர் அதட்டினார். நான் எழுந்து, "காலைல அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரி பெருக்கப் போற பொம்பளைங்க ஆறு மைல் நடந்து போறாங்க. பஸ் வேண்டாம்கற நீங்க அவங்களுக்கு என்ன சொல்றீங்க?" என்று இடி இடித்தேன். ஹால் அதிர்ந்தது. அவர் பையிலிருந்து பேனா எடுத்து என் கேள்வியைக் குறித்துக்கொண்டார். பிறகு, "இதுக்கு என்கிட்ட பதில் இல்ல சார். தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்" என்றார்.

மாப்பிள்ளை, நாற்பத்திரண்டு வருடத்தில் எத்தனை மேடைக்கு மைக் கட்டியிருக்கிறேன்! 'பதில் இல்லை' என்ற சொல் என் மைக் வழியாகப் போனது அன்று ஒரு நாள்தான். மீதி இரண்டு கேள்வியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் மனசு கனத்தது. எதிரியைத் தோற்கடித்தேன் என்றும் இல்லை, அவரிடம் தோற்றேன் என்றும் இல்லை, எதிரியே தொலைந்துபோனார். மறுநாள் போட்டோவைப் பார்த்த உன் அத்தை, "பேப்பர்ல வந்ததுதான் வந்தீங்க, அந்தச் சட்டையை அயர்ன் பண்ணியிருக்கக் கூடாதா?" என்றாள். என் துயரத்தில் பங்கெடுக்க இந்த வீட்டில் ஆளில்லை.

ஆகவே, நான் இதனால் உறுதி கூறுவதாவது: இனி அந்த டாக்டரின் வாசலை மிதிக்க மாட்டேன். மூன்றாவது தடவை சிகிச்சைக்குப் போக மாட்டேன். பல் அரைகுறையாகவே என் வாயில் தியாகியாக நிற்கட்டும். தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வீங்கிய கன்னத்தை மறைக்க அதுவும் வசதிதான். ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து, தலை குனிந்து மன்னிப்புக் கேட்பேன். அட்டையை மட்டும் பிடுங்கிவிடாதே.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தம், வலது கன்னத்தால். உன் மனைவிக்கு ஆசி. காண்ட்ராக்டருக்கு வணக்கம், நின்றபடியே. நீ நூறு வருடம் செயலாளராக இருந்து நோட்டீஸ் அனுப்பிக்கொண்டே இருக்க வாழ்த்தும்,

உன் மாமன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் தியாகிக்கு வலி வந்துவிட்டது. இப்போதுதான் டாக்டரிடம் போய்விட்டு வருகிறேன். பல் பிரமாதமாக இருக்கிறது. அவர் இரண்டு நாள் காலை ஐந்து மணிக்கு அந்தப் பெண்களோடு ஆஸ்பத்திரி வரை நடந்து பார்த்தாராம். "தூரம் நீங்க சொன்னதுதான் சரி. பஸ் விட்டே ஆகணும். ஆனா இலவசம் கூடாதுன்னுதான் இன்னமும் நினைக்கிறேன்" என்றார். நாற்காலியில் படுத்தபடியே சண்டை போட்டேன். நடுவில் உன் நோட்டீஸைப் பற்றியும் உளறிவிட்டேன். "உங்களை நீக்கறதா? அப்புறம் என்னை யார் சார் கேள்வி கேப்பாங்க?" என்று பதறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாட்சி சொல்ல அவரே நேரில் வருகிறார். ஒரு நாற்காலி போட்டு வை. மைக் நான் கொண்டுவருகிறேன். கிளம்பும்போது மனசு கேட்காமல், "டாக்டர், ஒண்ணு சொல்லிடறேன், நான் உங்களுக்கு ஓட்டுப் போட மாட்டேன்" என்றேன்.

"தெரியும் சார். கடைசியா ஒரு தடவை வாயைத் திறங்க" என்றார்.