பிரேக் மாஸ்டரின் பக்கப் பார்வை

காரின் இடது பக்கக் கண்ணாடி அந்த வருஷத்தில் மூன்றாவது தடவையாக உடைந்த அன்று பிரேக் மாஸ்டர் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இந்த ஊரில் கேட் தூண்களை இஷ்டத்துக்கு அகலமாகக் கட்டுகிறவர்களை இனிமேல் சும்மா விடக்கூடாது!

இடித்தது அவர் வீட்டுத் தூண். கட்டியவரும் அவர்தான். இருபது வருஷமாக அது நின்ற இடத்தைவிட்டு ஒரு விரற்கடை நகரவில்லை. அதனால் என்ன? முடிவு என்றால் முடிவுதான்.

மாஸ்டர் நடத்துவது டிரைவிங் ஸ்கூல். ஒரு கார், ஒரு பெஞ்சு, ஒரு மாஸ்டர், அவ்வளவுதான் ஸ்தாபனம். கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டீரிங்கைப் பிடிப்பார். பக்கத்து சீட்டில் மாஸ்டர், தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கின்மேல் பாதத்தை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். ரோட்டில் எறும்பு குறுக்கே போனாலும் கார் நிற்கும். அப்படி வந்த பெயர்தான் பிரேக் மாஸ்டர். பழக்கம் காலோடு ஊறிப்போய், வீட்டில் நாற்காலியில் இருக்கும்போதுகூட மனைவி கொஞ்சம் வேகமாகப் பேசினால் அவர் வலது கால் தரையை மிதிக்கும். தரைதான் நிற்கும். மனைவி நிற்க மாட்டார்.

மனைவி முப்பது வருஷம் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றும் ஊருக்கு டீச்சர்தான். அந்தக் காலத்தில் பரீட்சை ஹாலுக்குள் டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டாலே போதும், பிட்டு வைத்திருக்கிற பையன் தானாக எழுந்து நின்று பையைத் திருப்பிக் காட்டிவிடுவான். வைத்திருக்காதவனும் ஒரு பயத்தில் காட்டுவான்.

"என்னங்க, தூண் உங்களைத் தேடி வந்துச்சா?"

"வெயில்ல கொஞ்சம் பெருத்திருக்கு."

"தூணா?"

"சிமெண்டு விரியும். அது சயன்ஸ். உனக்குத் தெரியாது, நீ கணக்கு."

"சரி, கணக்கே சொல்றேன். மார்ச்ல ஒண்ணு, ஜூன்ல ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. மூணும் இடது பக்கம். நேத்து உங்க இடது பக்கம் நின்னுகிட்டு பத்து நிமிஷம் பேசினேன். நீங்க பாட்டுக்குப் பேப்பர் படிக்கறீங்க."

"அது கண் கோளாறு இல்ல. அது கல்யாணமாகி முப்பது வருஷம்."

"சிரிப்பு வரலை. கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"போன மாசம்தான் கண்ணாடிக் கடையில எழுத்து போர்டைப் படிச்சேன். கடைசி வரிக்குக் கீழ அச்சடிச்சவன் பேரு இருந்துச்சு. அதையும் படிச்சேன். கடைக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான்!"

"நேரா இருக்கறது தெரியுது. ஓரத்துல இருக்கறது தெரியலை. உங்களுக்கு எறும்பு தெரியுது, யானை தெரியலை."

"ஊருக்குள்ள யானை எங்கே வருது?"

"வந்தா மொதல்ல நீங்கதான் மோதுவீங்க. கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணலாம்னு இருக்கீங்களா?"

"போகமாட்டேன்னா போகமாட்டேன்!"

வாய்தான் அப்படிச் சொன்னது. மனசுக்குள் வேறு கதை. போன வாரம் நாற்சந்தியில் இடது பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்தது. மாஸ்டரின் கால் பிரேக்கில்தான் இருந்தது, ஆனால் மிதிக்கவில்லை. மிதித்தது, ஸ்டீரிங் பிடித்திருந்த பேங்க் உத்தியோக அம்மா; அவருக்கு அது மூன்றாவது பாடம்தான். "மாஸ்டர், சைக்கிள் வந்துச்சே, பாக்கலையா?" என்று அந்தம்மா வெலவெலத்துப்போய்க் கேட்டார். "உங்களுக்கு ஒரு சோதனை வெச்சேன்" என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் அன்றைய பாடத்தை அதோடு முடித்துக்கொண்டார்.

இன்னும் மூன்று மாதத்தில் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். கண் டாக்டரிடம் போனால் பார்வையில் ஓட்டை என்று எழுதிக் கொடுத்துவிடுவார். லைசென்ஸ் போகும். ஸ்கூல் போகும். பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, போகிற வருகிற கார்களைப் பார்க்க வேண்டியதுதான். அதுவும் நேரே போகிற கார்களை மட்டும்.

இந்த இக்கட்டில் அவருக்குக் கை கொடுத்தவர் பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர். ஆஸ்பத்திரியிலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி பேசுகிறவர். மறுநாள் காலை மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் தலை மட்டும் எழும்பியது.

"தம்பி, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"பக்கப் பார்வை டெஸ்டுக்கு ஒரு மெஷின் இருக்கு. பெரிய கிண்ணத்தைக் கவுத்து வெச்ச மாதிரி. அதுக்குள்ள மூஞ்சியை வெச்சு நடுப்புள்ளியையே பாக்கணும். அங்கங்க சின்னதா வெளிச்சம் வரும். வந்தா, கையில இருக்கற பொத்தானை அமுக்கணும்."

"வந்தது தெரியலைன்னா?"

கம்பவுண்டர் இரண்டு பக்கமும் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்க்க முடிகிற மனுஷனை மாஸ்டர் பொறாமையோடு பார்த்தார்.

"வெளிச்சம் வரும்போதெல்லாம் மெஷின் 'டிக்'குன்னு சத்தம் போடும். கண்ணு எதுக்குத் தம்பி? காது இருக்கே!"

மாஸ்டருக்குச் சுவரேறிக் குதித்து அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. "அண்ணே, நீங்க டாக்டராகியிருக்க வேண்டிய ஆளு!"

"டாக்டருங்களே அப்படித்தான் சொல்வாங்க" என்றபடி தலை கீழே இறங்கியது.

அன்றைக்குப் பகல் முழுக்க சாதகம் நடந்தது. சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி. கண்கள் மூடியிருந்தன. கையில் தலையை அமுக்கினால் முனை வெளியே வருகிற பேனா. கடிகாரம் ஒரு டிக், பேனா ஒரு டிக். சாயங்காலத்துக்குள் கடிகாரத்துக்கே தான் முன்னால் போகிறோமா, பேனா முன்னால் போகிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன பண்றீங்க?" என்றார் டீச்சர்.

"விரலுக்குப் பயிற்சி. ரத்த ஓட்டத்துக்கு நல்லது. ஆமா, நாளைக்கு உனக்கு வேலை இருக்கா? கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துரலாம்."

"போகமாட்டேன்னீங்களே?"

"பயந்தவன் போகமாட்டான். எனக்கென்ன பயம்?"

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தார். ஜன்னல் சுத்தமாகத்தான் இருந்தது.

கண் ஆஸ்பத்திரி ஹாலில் பாதிப் பேர் ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள். மீதிப் பேர் கறுப்புக் கண்ணாடி. மாஸ்டர் மட்டும் கல்யாண மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். முதலில் ஒரு மெஷின் கண்ணுக்குள் 'புஸ்' என்று காற்றடித்து அழுத்தம் பார்த்தது. அவர் வலது கால் நச்சென்று தரையை மிதித்தது. "பயப்படாதீங்க ஐயா, ஒண்ணும் மோதாது" என்றாள் டெஸ்ட் எடுக்கிற பெண்.

அடுத்தது இருட்டு அறை, கிண்ணம், பொத்தான்.

டிக். அமுக்கினார். டிக். அமுக்கினார். வெளிச்சம் வந்ததா என்று அவர் பார்க்கவே இல்லை. பார்த்தால் கவனம் சிதறும். கண்ணை வெறுமனே திறந்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டினார். கச்சேரியில் தாளம் போடுகிறவர்கூட இவ்வளவு சுத்தமாகப் போட்டிருக்க மாட்டார். வெளியே வரும்போது, மருத்துவ உலகத்தையே ஜெயித்த நடை.

டாக்டர் மெதுவாகப் பேசுகிற அம்மாள். மெஷின் கக்கிய தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"ஐயா, பதினெட்டு வருஷமா கண்ணு பாக்கறேன். இப்படி ஒரு ரிசல்ட் பாத்ததே இல்ல."

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தி, டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். நேர்ப் பார்வைதான்.

"எல்லா வெளிச்சத்தையும் பாத்திருக்கீங்க."

"பாத்தேன்."

"நடுநடுவுல மெஷின் வெளிச்சமே போடாம சத்தம் மட்டும் போடும். அப்பவும் வெளிச்சம் பாத்திருக்கீங்க."

மாஸ்டரின் வலது கால் தரையைத் தேடியது.

"மனுஷனாப் பொறந்த எல்லாருக்கும் ஒவ்வொரு கண்ணுலயும் ஒரு சின்ன இடம் குருடு. நரம்பு உள்ள நுழையற இடம். அந்த இடத்துக்கு நேரா வெளிச்சம் போட்டா எனக்கும் தெரியாது, ராஜாவுக்கும் தெரியாது. உங்களுக்கு அதுவும் தெரிஞ்சிருக்கு."

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பார்வை கொஞ்சம் அதிகம் டாக்டர்..."

"இது பார்வை இல்லைங்க, காது. உங்க காது ரொம்ப நல்லா இருக்கு. காது டாக்டர் அடுத்த தெரு."

மாஸ்டருக்குக் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் மதில் சுவர்ப் பக்கம் போனது.

"அந்தக் கம்பவுண்டரை..! ஆஸ்பத்திரி ரகசியம்னு சொன்னாரே!"

"அவருக்கு என்ன ரகசியம் தெரியும், பாவம்" என்றார் டீச்சர். "அவர் காலமெல்லாம் மாவுக்கட்டு போட்டவரு. போன மாசம் எனக்கு இதே டெஸ்ட் எடுத்தாங்க. சில பேரு சத்தத்துக்கு அமுக்குவாங்க, கையும் களவுமா மாட்டிக்குவாங்கன்னு அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு. அதை நான்தான் அண்ணன்கிட்ட எழுதிக் கொடுத்தேன். மனப்பாடம் பண்ண அவருக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆச்சு."

"நீயா? எதுக்கு?"

"வாங்கன்னு கூப்பிட்டா வருவீங்களா? ஜெயிக்கலாம்னு சொன்னாத்தான் வருவீங்க. பரீட்சைக்கே வராத பையனை வரவைக்கணும்னா, பிட்டை நாமளே கொடுத்துரணும்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். உடனே முகம் மாறியது. "விளையாட்டு போதும் ஐயா. கண்ணுல அழுத்தம் அதிகமா இருக்கு. மறுபடி உக்காருங்க. இந்தத் தடவை பார்த்தா மட்டும் அமுக்குங்க."

மறுபடி இருட்டு. மறுபடி கிண்ணம். பின்னால் டீச்சர் நின்றுகொண்டார்.

டிக். வெளிச்சம். அமுக்கினார். டிக். அமுக்கினார். டிக். ஒன்றுமில்லை. டிக். ஒன்றுமில்லை. டிக். விரல் பொத்தான்மேல் காத்துக்கிடந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் தெரு முழுக்கக் கரண்டு போன மாதிரி இருந்தது. சத்தம் வருகிறது, வெளிச்சம் வரவில்லை. அந்தத் தெருவில்தான் தூண் நிற்கிறது, சைக்கிள் வருகிறது, அவர் மனைவி பத்து நிமிஷம் நின்று பேசுகிறார். மாஸ்டருக்கு முதல்தடவையாக உண்மையிலேயே பயம் வந்தது. அமுக்கிவிடலாமா என்று விரல் துடித்தது. தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. விரல் அடங்கியது.

பிறகு கண்மணியை விரிய வைக்கிற சொட்டு போட்டார்கள். உலகம் பாலில் கரைந்தது. டாக்டர் விளக்கடித்து நரம்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"க்ளாக்கோமா. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி, நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். வலிக்காது. சொல்லாது. எழுத்து போர்டுல பாஸ் பண்ணிடுவீங்க. இடது கண்ணுல ஒரு ஓரம் போயிருக்கு. போனது திரும்பாது."

மாஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "மிச்சம்?"

"மிச்சத்தைக் காப்பாத்தலாம். தினம் சொட்டு போடணும், ஒரு நாள் தவறக்கூடாது. ஆபரேஷன் இப்பத் தேவையில்ல. வலது கண்ணு முழுசா நல்லா இருக்கு."

"டாக்டர்... லைசென்ஸ்?"

"ரெண்டு கண்ணும் சேர்ந்து பாக்கறப்ப போதுமான அளவு தெரியுது. ரெண்டு மாசம் வண்டியைத் தொடாதீங்க. அழுத்தம் இறங்கினதும் மறுபடி டெஸ்ட் பண்ணி எழுதித் தரேன். அப்புறமும் ஓரத்துல இருக்கறதைத் தலையைத் திருப்பிப் பாத்துப் பழகணும். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தீங்கன்னா நாம இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்."

மாஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டார். மேஜைமேல் இருந்த தாள்கள் பறந்தன. சைக்கிள் வந்த நாளிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த பெருமூச்சு அது. கண்ணிலிருந்து ஏதோ வழிந்தது.

"சொட்டு மருந்து" என்றார்.

"சொட்டு போட்டு அரை மணி ஆச்சு" என்றார் டீச்சர். ஆனால் முந்தானையால் துடைத்துவிட்டார். அவருக்கும் சொட்டு போடாமலே வழிந்தது.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. கார் எதுவோ, மரம் எதுவோ, எல்லாம் வெள்ளைத்துணி போர்த்தின மாதிரி நின்றன. மாஸ்டருக்கு மனசு பஞ்சாக இருந்தது. கண் இருக்கிறது, லைசென்ஸ் வரும். மனைவியிடம் தோற்றதா? அது புதுசா என்ன.

"வாடகை வண்டி பிடிக்கலாம். காரை எடுக்க நாளைக்கு யாரையாவது அனுப்பறேன்."

"சாவியைக் குடுங்க" என்றார் டீச்சர்.

"எதுக்கு?"

டீச்சர் ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். மாஸ்டர் கிட்டே வைத்துப் பார்த்தார். எட்ட வைத்துப் பார்த்தார். ஒரு எழுத்தும் தெரியவில்லை. படம் மட்டும் மங்கலாக, கண்டிப்பாக, தன் மனைவி மாதிரியே முறைத்தது.

"லைசென்ஸா! உனக்கா! இத்தனை வருஷமா, உனக்கு எதுக்கு டிரைவிங்னு நான்தான் சொல்லிக்கிட்டிருந்தேனே?"

"சொன்னீங்க. ஏறுங்க."

டீச்சர் சீட்டை முன்னால் இழுத்தார். பெல்ட்டைப் போட்டார். கண்ணாடிகளைச் சரி செய்தார். இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து, வெண்ணெயிலிருந்து முடியை உருவுகிற மாதிரி வண்டியைப் பின்னால் எடுத்தார். மாஸ்டரின் கால் தன் பழைய இடத்துக்குப் போனது.

"பிரேக்லேர்ந்து காலை எடுங்க."

எடுத்தார்.

"எப்பக் கத்துக்கிட்டே?"

"ஜூன்ல. ரெண்டாவது கண்ணாடி உடைஞ்சதே, அந்த வாரம் போய்ச் சேந்தேன்."

"யார்கிட்ட?"

"மார்க்கெட் ரோட்டு ஸ்கூல்ல."

"அந்தப் பொடியன்கிட்டயா? அவனுக்கு கியர் போடச் சொல்லிக் கொடுத்ததே நான்! வீட்டுக்குள்ளயே இருபத்தாறு வருஷ அனுபவம் உக்காந்திருக்கு. அதை விட்டுட்டு அவன்கிட்ட எதுக்குப் போனே?"

டீச்சர் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். மறுபடி இடது பக்கம் பார்த்துவிட்டு வண்டியை ரோட்டில் ஏற்றினார்.

"அனுபவம் இருந்துச்சுங்க. நான் கண்ணு தெரியற மாஸ்டரா பாத்துச் சேந்தேன்."