ஆமத்தூர் வரை முதல்

மாமியார் தட்டில் ஒன்றை வைத்தால் 'போதும்' என்று சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை. ஒரு சைக்கிள் பந்தயமே அதனால் பாழாய்ப் போயிருக்கிறது.

போன வாரம் என் மகள் போனில் ஏதோ வெளிநாட்டு சைக்கிள் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாள்கணக்கில் ஓட்டுவார்களாம். நடுவில் ஒரு சின்ன ஊர் வந்ததும் நாலைந்து பேர் உயிரைக் கொடுத்து மிதித்தார்கள்.

"ஏம்ப்பா, முடியுற இடம் இன்னும் எம்புட்டோ தூரம் கிடக்கு. இங்கன முந்தி என்னத்துக்கு ஆகும்?" என்றாள்.

"அதுல ஒருத்தனுக்கு அந்த ஊருல மாமியார் வீடு இருக்கும்மா" என்றேன்.

எனக்கு ஆமத்தூரில் இருந்தது. கல்யாணத்தன்று நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பந்தியில் யாரோ, "ஏலே, மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று கேட்டது என் காதிலேயே விழுந்தது. (வரும். அன்றைக்கு வரவில்லை.) மாமியார் முகம் சுண்டிப்போனது. அந்த ஊர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையாவது பேச வேண்டும் என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் சூலக்கரையிலிருந்து சிவகாசிக்கு சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். அதன் நோட்டீஸை எங்கள் அச்சகத்தில் கட்டிங் மிஷினில் வெட்டியதே நான்தான். 'ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பை முதலில் தாண்டுபவருக்கு எவர்சில்வர் குடம்' என்று இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி. அதை நான் படிக்கவில்லை. (வெட்டியது ஆயிரம் நோட்டீஸ்!)

நல்ல ஓட்டக்காரர்கள் மூச்சைச் சேமித்து நிதானமாக வந்தார்கள். நானோ, சிவகாசி என்றொரு ஊரே இல்லாதது போல மிதித்தேன். ஆமத்தூரை முதலில் தாண்டினேன். "நம்ம ஊரு மாப்ள!" என்று மைக் அலறியது. பஸ் ஸ்டாப்பில் என் மனைவியும் மாமியாரும் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் பிரேக் பிடித்தேன். அதுதான் தப்பு.

"ஜெயிச்சு வந்திருக்கீக, வாய நனைக்காமப் போனா ஊரு என்ன சொல்லும்? வாங்க மாப்ள" என்றார் மாமியார்.

"அம்மா, அவுக இன்னும் சிவகாசி போகணும்."

"மிச்சத்த மத்தவுக ஓட்டட்டும்டீ."

இட்லி, கறிக்குழம்பு. தட்டு காலியாகவே விடவில்லை. ஏழாவது இட்லியில் மைக் ஆட்டோ வாசலுக்கே வந்துவிட்டது. "கடைசி வரைக்கும் ஓட்டுனாத்தான் குடம்! நோட்டீஸ்ல போட்டிருக்குல்ல? மாப்ள எங்கய்யா?"

"போதும்னு சொன்னா என்னவாம்?" என்று மனைவி காதைக் கடித்தாள்.

"நீ சொல்லேன்" என்றேன்.

அதற்குள் எட்டாவது விழுந்துவிட்டது.

கை கழுவிய ஈரத்தோடு கிளம்பினேன். வழியில் மூன்று இட்லிகள் என்னோடு வர மறுத்து இறங்கிக்கொண்டன. சிவகாசியில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆமத்தூரில் எனக்கு அடுத்து வந்தவன் குடத்தோடு வீட்டுக்கே போய்விட்டானாம்.

பொங்கலுக்கு மாமியார் புதுக் குடம் ஒன்று வாங்கி வந்தார். பாத்திரக் கடையில் என் பெயரை வெட்டச் சொல்லி, கீழே இன்னொரு வரியும் வெட்டச் சொல்லியிருந்தார்: 'ஆமத்தூர் வரை முதல்'. அவர் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறார். என் மனைவிதான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தக் குடத்தில்தான் இன்றும் குடிக்கத் தண்ணீர். போன மாதம் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்துப் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி வந்து குடத்தை விரலால் ஒரு தட்டு தட்டினாள்.

உள்ளேயிருந்து மகள் கேட்டாள்: "அப்பா, எந்த ஊரு வந்திருக்கு?"

"ஆமத்தூர்" என்றேன்.